நாங்கள் கேட்டதைத்தான் தந்தார்கள்: பள்ளிகளுக்கிடையேயான காணொளிப் போட்டி – ஒரு நிகழ்வு ஆய்வு

நான்காவது முறையாக அதே பூமி உருண்டை திரையில் சுழன்றபோது, முன்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் "இதுவும் அதேதான்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டுவிட்டது. பள்ளிகளுக்கிடையே நாங்கள் முதன்முதலாக நடத்திய மாணவர் காணொளிப் போட்டியின் திரையிடல் அது. 12 பள்ளிகள், பள்ளிக்கு இரண்டு படங்கள், மொத்தம் 24. அவற்றில் நான்கு படங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே காட்சித் துண்டோடு தொடங்கின. அந்த நான்கு குழுக்களும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

பிள்ளைகள் உழைக்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அன்று சண்டைக்குப் போயிருப்பேன். இரவெல்லாம் விழித்துத் தொகுத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பள்ளிகளுக்கு நாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை எடுத்துப் படித்துப் பார்த்தேன். தலைப்பு: சுற்றுச்சூழலைக் காப்போம். கால அளவு: 5 நிமிடம். அதன் கீழே ஒரு வரி: "தரமான காட்சிகளுக்கு முன்னுரிமை அளிக்கப்படும்." ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வாரத்துக்குள், பள்ளி நேரம் போக மிச்சமிருக்கும் பொழுதில், உலகச் சுற்றுச்சூழலைத் தரமான காட்சிகளாக எங்கே போய்ப் பிடிப்பார்கள்? உருகும் பனிப்பாறையும் புகை கக்கும் ஆலையும் இணையத்தில்தான் இருக்கின்றன. நாங்கள் கேட்டதைத் தேடி எடுத்துத் தந்திருந்தார்கள்.

முதல் சுற்றையும் அடுத்த ஆண்டு நடந்த இரண்டாம் சுற்றையும் பற்றியது இந்த ஆய்வு. இரண்டிலும் அமைப்புக் குழுவில் இருந்தேன். படங்களில் கண்ட குறைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தேடிப் போனபோது, அவற்றில் பெரும்பாலானவை எங்கள் சுற்றறிக்கையின் ஏதோ ஒரு வரியில், அல்லது நாங்கள் எழுதாமல் விட்ட வரியில் போய் நின்றன. அந்தத் தேடலைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

தலைப்பும் கால அளவும்

5 நிமிடம் என்பதை யாரும் யோசித்து முடிவு செய்யவில்லை. பேச்சுப் போட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் நேரம் அது, அப்படியே எழுதிவிட்டோம். முதல் சுற்றின் படங்கள் பேச்சுப் போட்டி போலவே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு குரல் தொடர்ந்து பேசும். அந்தக் குரலை மூடுவதற்குக் காட்சிகள் ஓடும்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டிய பத்துப் படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நொடிதான். அவர்களுடைய கருவியில் பொருந்திய பிலிம் சுருளின் நீளம், சுமார் 17 மீட்டர், அந்த எல்லையை வைத்தது. 50 நொடிக்குள் ஒரு காரியம் தொடங்கி நடந்து முடிவதைக் காட்ட முடிந்திருக்கிறது. இரண்டாம் சுற்றுக்கு, பெயர்கள் ஓடும் எழுத்து வரிகளையும் சேர்த்து 3 நிமிடம் என்று குறைத்தோம். "இவ்வளவு குறைவான நேரத்தில் கருத்தை எப்படிச் சொல்வது?" என்று பொறுப்பாசிரியர்கள் இருவர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கருத்து சொல்ல வேண்டாம், ஒன்றைக் காட்டினால் போதும் என்று பதில் எழுதினோம். அந்தப் பதிலையே சுற்றறிக்கையிலும் சேர்த்தோம்.

தலைப்பும் மாறியது: "உங்கள் அருகில் தினமும் நடக்கும் ஒரு வேலை. அதைச் செய்பவரின் கைகளிலிருந்து தொடங்குங்கள்." எல்லாக் காட்சிகளையும் குழுவே எடுக்க வேண்டும் என்பது உடன் வந்த விதி. கைகள் என்ற சொல் அங்கே வந்து உட்கார்ந்ததற்கு ஒரு கதை உண்டு. எங்கள் அமைப்பின் மிகப் பெரிய தவறு அந்தக் கதையில் இருக்கிறது.

விலக்கிய படம்

முதல் சுற்றில் தண்ணீர் வீணாவதைப் பற்றி ஒரு குழு படம் எடுத்திருந்தது. இரவல் காட்சி ஒன்றுகூட இல்லாத மிகச் சில படங்களில் அதுவும் ஒன்று. படத்தின் நடுவில், கீழ்வகுப்புச் சிறுமி ஒருத்தி குழாயடியில் முகம் கழுவுவாள். கண்ணை மூடியபடியே குழாயைத் துழாவுவாள், கிடைக்காது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு கண் திறந்து, காமிராவைப் பார்த்து, பிடிபட்டவள் போலச் சிரிப்பாள். மொத்தம் ஒன்பது நொடி. முன்பார்வைக்கு உட்கார்ந்த நாங்கள் எல்லோரும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

திரையிடலுக்கு இரண்டு நாள் முன்பு அந்தச் சிறுமியின் தாயார் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினார். மகளின் முகம் எந்தத் திரையிலும் வரக்கூடாது என்றார். காரணம் சொல்லவில்லை, கேட்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை. பிரிந்து வாழும் குடும்பமாக இருக்கலாம், யாரிடமிருந்தாவது விலகி இருக்க வேண்டிய நிலையாக இருக்கலாம், வெறுமனே பிடிக்காமலும் இருக்கலாம். மூன்றும் போதுமான காரணங்களே.

குழுவினர் முகத்தை மங்கலாக்கிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு போனதும் காட்சியில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெட்டிப் பார்த்தார்கள்; முன்னும் பின்னும் இருந்தவை ஒட்டவில்லை. கடைசியில் படத்தையே விலக்கினோம். செய்தியைச் சொல்லப் பள்ளிக்குப் போயிருந்தேன். குழுத் தலைவியான பதினொன்றாம் வகுப்பு மாணவி முழுவதையும் கேட்டுவிட்டு, "அனுமதி கேட்க வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லையே" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது இன்னும் வலித்தது. எங்கள் ஒப்புதல் படிவம் போட்டியில் பங்கேற்கும் மாணவர்களுக்கு மட்டும் இருந்தது. படத்துக்குள் வருகிறவர்களை நாங்கள் நினைக்கவே இல்லை.

1989இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில், 13ஆம் பிரிவு தான் விரும்பும் எந்த ஊடகத்தின் வழியாகவும் கருத்தை வெளிப்படுத்தும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. மூன்று பிரிவுகள் தள்ளி, 16ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்கிறது. காமிராவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு ஒன்று, முன்னால் நிற்கும் பிள்ளைக்கு மற்றொன்று. நாங்கள் ஒரு பிள்ளைக்காக மட்டுமே போட்டி நடத்திக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் சுற்றில் ஒப்புதலைப் படப்பிடிப்புக்கு முன்னால் கொண்டுவந்தோம். படிவத்தில் மூன்று தனித்தனிக் கேள்விகள்: படம் பிடிக்கலாமா, அரங்கில் காட்டலாமா, இணையத்தில் வெளியிடலாமா. மூன்றையும் ஒரே கையெழுத்துக்குள் அடக்குவது நேர்மையற்றது என்பது என் உறுதியான கருத்து. முதலாவதற்குச் சம்மதித்து மூன்றாவதை மறுக்கும் பெற்றோர் நிறைய இருக்கிறார்கள். சிறுவர் என்றால் பெற்றோரின் கையெழுத்தோடு அந்தச் சிறுவரின் சம்மதமும் வேண்டும். பெரியவர்களிடமும் கேட்க வேண்டும். திரையிடலுக்கு மூன்று நாள் முன்புவரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், காரணம் கேட்கப்படாது. இணைய வெளியீட்டுக்குப் பலர் மறுத்ததால், இரண்டாம் சுற்றின் எந்தப் படத்தையும் நாங்கள் இணையத்தில் ஏற்றவில்லை. பள்ளிக்கு ஒரு பிரதி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி, அவ்வளவுதான். விளம்பரம் கிடைக்காமல் போனது உண்மை. அதை இழப்பாக நான் கருதவில்லை.

கைகளிலிருந்து தொடங்குங்கள் என்று எழுதியதும் இங்கிருந்துதான். முகம் காட்ட விரும்பாதவர் படத்துக்குள் இருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழி பிள்ளைகளை மனிதர்களுக்கு இவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்தும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஒலி

முதல் சுற்றில் படம் தெளிவாகத் தெரிந்தது, பேச்சுதான் கேட்கவில்லை. கைபேசியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து முழு உருவத்தையும் பிடித்தால், அதே கைபேசியின் மைக்கும் இரண்டு மீட்டர் தள்ளித்தான் இருக்கும். திறந்த வெளியில் தூரம் பாதியாகும்போது ஒலி 6 டெசிபல் உயர்கிறது. 2 மீட்டரை 50 சென்டிமீட்டராக்கினால் 12 டெசிபல். சுவர் எதிரொலிக்கும் வகுப்பறையில் இந்தக் கணக்கு அப்படியே வராது. ஆனால் மைக்கை அருகில் கொண்டுபோனால் பேச்சு எதிரொலியிலிருந்து பிரிந்து தெளிவாகும். காசு கொடுத்து மைக் வாங்கச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. இரண்டாவது கைபேசி ஒன்றை ஒலிப்பதிவுக்கு மட்டும் பயன்படுத்தச் சொன்னோம். பேசுபவரின் சட்டைப்பையில் வைக்கலாம். காட்சி தொடங்கும்போது காமிரா முன் ஒருமுறை கைதட்டினால், தொகுக்கும்போது அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கலுக்குக் காரணம் கண்டுபிடிக்க எங்களுக்கே நாளாயிற்று. ஒரு படத்தில் தொடக்கத்தில் சரியாக இருந்த உதட்டசைவும் பேச்சும் போகப் போக விலகின. பல கைபேசிகள் நொடிக்கு 30 சட்டகம், அதாவது 30 அசையாப் படங்கள், என்று சொல்லிக்கொண்டாலும், வெளிச்சம் குறையும்போதோ கருவி சூடேறும்போதோ அந்த எண்ணிக்கையைத் தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. தொகுப்பு மென்பொருள் அதை மாறா வேகம் என்று எடுத்துக்கொண்டால், ஒலி ஒரு பக்கமும் காட்சி ஒரு பக்கமும் நகரும். தொகுப்பதற்கு முன் காட்சிகளை மாறா வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். நீளமாக எடுக்காமல் துண்டு துண்டாக எடுத்தால் விலகல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சேராது.

இரண்டாம் சுற்றில் ஒரு குழு தன் பள்ளி நூலகரைப் படம் எடுத்தது. கிழிந்த புத்தகங்களை அவர் தைத்துச் சீராக்குகிறார். இரண்டு கைகள், ஒரு ஊசி, நூல், பிரித்து வைத்த தாள் அடுக்கு. ஒலிப்பதிவுக்கான கைபேசியைப் புத்தக அடுக்கின்மேல், கையிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருந்தார்கள். நூல் தாளுக்குள் இழுபடும் ஓசை அரங்கில் அப்படியே கேட்டது. வேறு பேச்சு இல்லை, இசை இல்லை. படம் முடியும்வரை ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

இசை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் ஒரு குழு, பிறர் பயன்படுத்தப் படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த பாடல்தானே என்று நம்பி ஒன்றைச் சேர்த்திருந்தது. அந்த உரிமங்களில் பல வகை உண்டு. மாற்றியமைக்கத் தடை விதிக்கும் வகையில் வரும் இசையைக் காணொளியோடு இணைக்கக் கூடாது. காட்சியோடு இசையைப் பொருத்துவதையே அந்த உரிமம் மாற்றியமைத்தல் என்று கொள்கிறது. பாடலை ஒரு நொடிகூட வெட்டாமல் போட்டிருந்தாலும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, எங்களுக்கும் அப்போது தெரியாது. இரண்டாம் சுற்றில், குழுவே உண்டாக்கிய ஒலி மட்டும் என்று விதி வைத்தோம். மேசையில் தாளம் போட்டார்கள், சீழ்க்கை அடித்தார்கள், ஒரு குழு பல்சக்கரத்தின் ஓசையையே இசையாக்கியது.

நடுவர்களும் பெரியவர்களின் கையும்

மூன்று நடுவர்கள், ஆளுக்கு 100 மதிப்பெண், கூட்டினால் முடிவு. முதல் சுற்றில் இப்படித்தான் செய்தோம். முடிவு அறிவித்த பிறகு தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது எனக்கு உறக்கம் போனது. இரண்டு நடுவர்கள் எல்லாப் படங்களுக்கும் 78க்கும் 90க்கும் இடையிலேயே போட்டிருந்தார்கள். மூன்றாமவர் 40இலிருந்து 95வரை விரித்துப் போட்டிருந்தார். விளைவை இப்படி ஒரு கணக்கில் பார்க்கலாம். முதல் படத்துக்கு 88, 85, 52, கூட்டினால் 225. இரண்டாவது படத்துக்கு 81, 79, 90, கூட்டினால் 250. மூவரில் இருவர் முதல் படமே சிறந்தது என்றிருக்க, இரண்டாவது வென்றுவிடுகிறது. விரித்துப் போடுபவரின் பேனாதான் போட்டியை நடத்துகிறது. அவர் தவறு செய்யவில்லை. தாம் கண்ட வேறுபாட்டை நேர்மையாக எழுதினார். முறைதான் பிழையானது.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு நடுவரும் தனியாக வரிசைப்படுத்தினார்கள். அந்த மூன்று வரிசைகளையும் மேசையில் வைத்து, முரண்படும் இடங்களை மட்டும் பேசித் தீர்த்தார்கள். 11 வயதுப் பிள்ளைகளையும் 17 வயதுப் பிள்ளைகளையும் ஒன்றாக நிறுத்திய தவறையும் அப்போது திருத்தி, இரண்டு பிரிவாக்கினோம்.

பெரியவர்களின் கை இதைவிடக் கடினமான சிக்கல். முதல் சுற்றில் பரிசு பெற்ற ஒரு படத்தில் எழுத்துகள் பொன்னிறத்தில் சுழன்று வந்து நின்றன. தொகுத்தது யார் என்பது அரங்கில் இருந்த பலருக்கும் தெரியும்; யாரும் சொல்லவில்லை. "வெளியார் உதவி கூடாது" என்று ஏற்கெனவே எழுதித்தான் இருந்தோம். அப்படி எழுதுவதால் ஒன்றும் நடப்பதில்லை. பிள்ளைக்கு உதவுவதைத் தப்பு என்று எந்தப் பெற்றோரும் நினைப்பதில்லை, எனக்கும் அதில் கோபமில்லை.

அதனால் தடையை எடுத்துவிட்டு ஒரு சந்திப்பைச் சேர்த்தோம். ஒவ்வொரு குழுவும் வெட்டாத மூலக்காட்சிகளோடு வந்து நடுவர்களிடம் பத்து நிமிடம் பேச வேண்டும். "இந்த இடத்தில் ஏன் வெட்டினீர்கள்? இதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" இவ்வளவுதான் கேள்வி. நூலகர் படக் குழுவில் தொகுப்பைச் செய்தவன் எட்டாம் வகுப்பு மாணவன். ஊசி நுழைந்து வெளிவரும் ஒரு காட்சி 20 நொடிக்கு மேல் வெட்டாமல் ஓடியது. இவ்வளவு நீளமாக ஏன் விட்டாய் என்று நடுவர் கேட்டார். "ஊசி உள்ளே போகும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், சார். வெளியே வந்த பிறகுதான் விடுகிறார். நடுவில் வெட்டினால் அந்த மூச்சு போய்விடும்" என்றான். நடுவர் தாளில் ஏதோ எழுதப் போனவர் பேனாவை மூடிவிட்டார். அந்தப் படத்தை யார் எடுத்தது என்று அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

கோப்புகள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆனால் போட்டி நடத்துபவர்கள் தவிர்க்க முடிந்த துன்பம் அனைத்தும் இங்கேதான் இருக்கிறது. முதல் சுற்றில் கடைசி நாள் நள்ளிரவுவரை என்று வைத்திருந்தோம். பாதிக்குமேல் கடைசி இரண்டு மணி நேரத்தில் வந்தன. சில, குறுஞ்செய்திச் செயலி வழியாக வந்ததால் சுருக்கப்பட்டுப் பெரிய திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. சில இணைப்புகளைத் திறந்தால் அனுமதி இல்லை என்றது. "இறுதி", "இறுதி புதியது", "இதுதான் இறுதி" என்று ஒரே குழுவிடமிருந்து மூன்று கோப்புகள் வந்தன. நாங்கள் தவறானதை எடுத்துவைத்தோம்.

திரையிடலுக்கு முந்தைய இரவு எல்லாப் படங்களையும் ஒரே கோப்பாக இணைத்தோம். 104 நிமிடம், நொடிக்கு 8 மெகாபிட், ஏறக்குறைய 6.2 ஜிகாபைட். 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும் கோப்பு ஏறவில்லை. ஃபாட்32 என்ற பழைய கோப்புச் சேமிப்பு முறையில் வடிவமைத்த பென் டிரைவ், எவ்வளவு இடமிருந்தாலும், 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினால் போதும். இது தெரியாமல் இரவு ஒரு மணிவரை வேறு வேறு பென் டிரைவுகளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் சுற்றில் இறுதி நேரம் பள்ளி நாள் ஒன்றின் மாலை 4 மணி. பிள்ளைகளுக்கு உதவ ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் நேரம் அது, அவர்கள் இரவு விழிக்கவும் வேண்டாம். அதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு குழுவும் 10 நொடிச் சோதனைக் கோப்பு ஒன்றை அதே வழியில் அனுப்பிப் பார்த்துவிட வேண்டும். திரையிடலுக்கு முந்தைய நாள், அதே அரங்கில், அதே கணினியில், எல்லாப் படங்களையும் முழுவதுமாக ஓட்டினோம். ஒரு படத்தின் ஒலி இடப்பக்க ஒலிபெருக்கியில் மட்டும் வந்தது அப்போதுதான் தெரிந்தது, அன்றே சரிசெய்தோம்.

தீராதவை

இரண்டாம் சுற்றுக்கு 10 பள்ளிகளிலிருந்து 17 படங்கள் வந்தன. எண்ணிக்கை குறைந்தது. ஒப்புதல் படிவமும் சந்திப்பும் வேலை கூடுதல் என்று விலகிய இரண்டு பள்ளிகளின் நிலையை நான் புரிந்துகொள்கிறேன். அங்கே பொறுப்பாசிரியர் ஒருவரே எல்லாப் போட்டிகளையும் சுமக்கிறார். கால அவகாசத்தை மூன்று வாரத்திலிருந்து ஏழு வாரமாக்கினோம். அதில் முதல் வாரம் காமிராவைத் தொடாமல் தாளில் மட்டும் காட்சிகளை வரைய வேண்டும் என்றோம். அப்படியிருந்தும் கைபேசியே கிடைக்காத குழுக்களுக்கு இது முழு விடை ஆகவில்லை. நொடிக்கு 16 மெகாபிட்டில் பதிவாகும் காட்சி நிமிடத்துக்கு 120 மெகாபைட் பிடிக்கும். 40 நிமிடம் எடுத்தால் 4.8 ஜிபி. பெற்றோரின் கைபேசியை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி வரும் பிள்ளைக்கு அந்த இடமும் இல்லை, அந்த நேரமும் இல்லை. பள்ளிகளுக்குள் சுற்றிவரும் ஒரு பொதுப்பெட்டி வேண்டும்: இரண்டு கைபேசிகள், ஒரு முக்காலி, ஒரு வன்தட்டு. அதற்கான பணத்தைக் கோப்பைகளுக்கும் பதக்கங்களுக்கும் ஒதுக்கிய தொகையிலிருந்து எடுக்க வேண்டும் என்று குழுவில் வாதாடி வருகிறேன். இன்னும் முடிவாகவில்லை.

முதல் சுற்றில் படம் விலக்கப்பட்ட மாணவி இரண்டாம் சுற்றில் படம் அனுப்பவில்லை. இறுதித் தேர்வு ஆண்டு என்றாள். ஆனால் திரையிடல் அன்று காலையிலேயே அரங்குக்கு வந்து, ஒப்புதல் படிவங்களைச் சரிபார்க்கும் மேசையில் தானாகவே உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு படத்தையும் ஓட்டி, அதில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள் இருக்கிறதா என்று எண்ணினாள். ஒரு படத்தில் பின்னணியில் கடந்து போகும் ஒருவருக்குத் தாள் இல்லை. அந்தக் குழுவை அழைத்து, அந்த நாலு நொடிக்குப் பதிலாக எதை வைக்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தாள்.

மூன்றாம் சுற்றின் சுற்றறிக்கை இப்போது தயாராகிறது. ஒப்புதல் பற்றிய பத்தியை அவளே எழுதித் தந்திருக்கிறாள். நாங்கள் எழுதியிருந்ததில் 11 வரிகள். அவளுடையதில் நான்கு.